நாய் ஏன் கடிக்குது? பூனை ஏன் மெத்தையில போகுது?

"பேசாம ஒரு சாக்குல போட்டு, ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்க. இதோட மாரடிக்க என்னால முடியாது."

பூரணாங்குப்பம், தவளக்குப்பம், நோணாங்குப்பம் பக்கம் நாய் வளர்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சு என்றாவது ஒருநாள் எழும். ஆறு என்றால் சுண்ணாம்பாறு. பேச்சு எழுவதற்கு முதல் நாள் அந்த நாய் யாரையாவது கடித்திருக்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை, டியூஷனுக்குப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையை, சில வீடுகளில் சோறு வைத்த கையையே. வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதையாகிவிட்டதே என்று வீட்டுக்காரருக்கு ஆத்திரம். பூனை வளர்ப்பவர்களுக்கு வேறு தலைவலி. புது மெத்தையில் மூத்திரம், சோபா முழுக்கக் கீறல், விடியற்காலை 4 மணிக்குக் கத்தல்.

சரி, ஆற்றுக்கு அந்தாண்ட விட்ட நாய் என்ன ஆகும்? அந்தத் தெரு நாய்கள் அதை விரட்டும். பசியும் பயமுமாகத் திரிகிற நாய், அங்கே வேறு யாரையாவது கடிக்கும். நம் வீட்டுப் பிரச்னை இன்னொரு தெருவுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பட்டினி கிடக்க நேரும் என்று தெரிந்தே ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நாயும் பூனையும் ஒரே நாளில் 'கெட்டுப்போவது' இல்லை. வலி, பயம், சலிப்பு, இல்லையென்றால் அதன் இயல்பான தேவைக்கு வீட்டில் இடமில்லாதது. பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றுதான் பின்னால் இருக்கும். கடிப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே அது தன் பாஷையில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கும். அந்தப் பாஷை நமக்குப் பிடிபடவில்லை.

தென்னை மரத்தடி நாய்

இந்தப் பக்கம் நாய் வளர்ப்பு நடக்கும் விதத்தைப் பாருங்கள். முப்பது, நாற்பது நாள் குட்டியாக வீட்டுக்கு வரும். முன்பெல்லாம் தெரு நாய் போட்ட குட்டி. இப்போது புது மனைப்பிரிவுகளில் வீடு கட்டுகிறவர்கள் லாப்ரடார், ராட்வீலர், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். முதல் மூன்று மாதம் அது வீட்டுக் குழந்தை. மடியில் தூக்கம், பால் சோறு, செல்போனில் ரீல்ஸ். நாலைந்து மாதத்தில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும்போது செருப்பு, சோபா, சார்ஜர் ஒயர் எல்லாவற்றையும் கடிக்கும். "வளர்ந்துடுச்சு, இனிமே வெளியில கட்டிடலாம்" என்பார்கள். கொல்லையில் தென்னை மரத்திலோ, கேட்டுக்குப் பக்கத்திலோ நாலடிச் சங்கிலி. அதன்பிறகு அதன் உலகமே நாலடிதான்.

இப்போது அந்த நாயின் இடத்திலிருந்து பார்ப்போம். கேட்டுக்கு வெளியே முன்பின் தெரியாத ஒருவர் வருகிறார். பயம். ஓடிப் போக முடியாது, சங்கிலி இருக்கிறது. அதனால் குரைக்கிறது. தபால்காரர் தபாலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவர் வேலை முடிந்து போனார் என்பது நாய்க்குத் தெரியுமா? 'நான் குரைத்தேன், ஆபத்து ஓடிவிட்டது' என்றுதான் அதற்குப் பதிகிறது. ஒரு நாளைக்கு இப்படி முப்பது முறை. பால்காரர், சைக்கிள் பிள்ளைகள், மீன்கூடை அம்மா, ஹெல்மெட் போட்டவர் என்று ஒவ்வொருவரும் அதன் பாடத்தை உறுதி செய்துவிட்டுப் போகிறார்கள். ஒரு வருடத்தில் அது குரைப்பதில் பட்டம் வாங்கிவிடுகிறது. ஒருநாள் சங்கிலி அறுகிறது, அல்லது கேட் திறந்து கிடக்கிறது. அன்றைக்குக் கடி.

நாயை எந்நேரமும் கட்டியே வைப்பவர் அதற்குப் போதிய நடையும் ஓட்டமும் தராமல் இருப்பதே குற்றம் என்று அதே 1960-ம் ஆண்டுச் சட்டம் தனியாகச் சொல்கிறது. நாய் என்று பெயர் சொல்லியே அந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. பலருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் பயப்பட மாட்டார்கள். முதல் குற்றத்துக்குச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை!

உறுமலை அடக்கினால்...

நாய் எடுத்த எடுப்பில் கடிப்பது அபூர்வம். முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும், உதட்டை நக்கும். காதைப் பின்னால் மடக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். பிறகு உடம்பு விறைக்கும். அதன்பிறகு உறுமல், காற்றில் ஒரு கடி, கடைசியாக நிஜக் கடி. பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதைப் படிப்படியாக ஏறும் ஏணியாகவே படம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

நாம் என்ன செய்கிறோம்? குழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறது. நாய் முகத்தைத் திருப்புகிறது. "பாரேன், எவ்ளோ பாசம்" என்று போட்டோ எடுக்கிறோம். உறுமியதும் "ஏய்... யாரைப் பார்த்து உறுமுற?" என்று முதுகில் ஒன்று வைக்கிறோம். உறுமினால் அடி விழும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை உறுமாது. பயம் மட்டும் அப்படியே இருக்கும். உறுமல் என்ற படி இல்லாமல் நேராகக் கடிக்கு வந்துவிடும். "ஒரு சத்தம்கூட குடுக்கல சார், திடீர்னு கடிச்சிடுச்சு" என்று பின்னால் டாக்டரிடம் சொல்வோம். சத்தம் கொடுத்த காலத்தில் அடித்து நிறுத்தியது நாம்தான். உறுமினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. குழந்தையை அங்கிருந்து விலக்குங்கள். எதற்காக உறுமியது என்பதை அப்புறம் நிதானமாக யோசியுங்கள்.

'நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும், இல்லன்னா அது நம்ம தலைமேல ஏறிடும்' என்று ஒரு நம்பிக்கை உண்டு. இன்று யூடியூப் பயிற்சியாளர்கள் சிலரும் இதையே சொல்கிறார்கள். இது வந்த வழி சுவாரஸ்யமானது. 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். உறவே இல்லாத ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? அதைக் கண்டு 'தலைமைக்கான போட்டி' என்ற கருத்து பிறந்தது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. பிறகு காட்டில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் பார்த்த அதே மெக், 1999-ல் வேறு கதை சொன்னார். ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்; அங்கே பதவிச் சண்டை இல்லை என்றார். தன் பழைய புத்தகத்தை அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் அவரே பலமுறை கேட்டுக்கொண்டார். எழுதியவரே கைவிட்ட கருத்தை வைத்துக்கொண்டு நாம் இன்னும் பிரம்பைத் தேடுகிறோம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. செருப்பைக் கடித்துவிட்டு நாய் தலையைக் குனிந்து, வாலை இடுக்கிக்கொண்டு நிற்கும். 'பண்ணதெல்லாம் தெரிஞ்சுதான் பண்ணுது' என்போம். அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. தொடக்கூடாது என்று சொல்லி நாயின் முன் தின்பண்டத்தை வைத்துவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். சில நாய்கள் தின்றன, சில தின்னவில்லை. ஆனால், உள்ளே வருகிற உரிமையாளரிடம் சில சமயம் மாற்றிச் சொல்லி அனுப்பினார்கள். தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கியபோது 'குற்றவாளி முகம்' காட்டியது. அந்த முகம் செய்த தப்புக்காக அல்ல, நம் கோபத்துக்காக. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, காலையில் கடித்த செருப்பைக் காட்டி அடித்தால் நாய்க்கு எதுவும் புரியாது. நீங்கள் வீடு திரும்புவதே ஆபத்து என்பதுதான் புரியும்.

முதல் மூன்று மாதம்

ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் பயமில்லாமல் பார்த்த மனிதர்கள், சத்தங்கள், வண்டிகள் எல்லாம் பிறகு அதற்குச் சாதாரணம். பார்க்காதவை சந்தேகத்துக்குரியவை. பூனைக்குட்டிக்கு இந்த ஜன்னல் இன்னும் சிறியது. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான்.

நாற்பது நாளில் தாயிடமிருந்து பிரித்தால், கூடப் பிறந்தவற்றோடு விளையாடி 'இவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும்' என்று கற்கிற வாய்ப்பு போய்விடுகிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. வாங்கும்போது குட்டியின் வயதைக் கேளுங்கள்.

தடுப்பூசி முடியும் வரை குட்டியைத் தரையில் விடப் பயமாக இருந்தால் கையில் தூக்கிக்கொண்டு போங்கள். பஸ் நிற்கிற இடம், மாடு, ஆட்டோ, தாடி வைத்தவர், யூனிஃபார்ம் போட்டவர், ஸ்கூல் விடுகிற கூட்டம் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி நின்று காட்டுங்கள். காட்டும்போது வாயில் ருசியாக ஏதாவது ஒன்று. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வளர்ந்த நாயை மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் நாள் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில், சில நாய்களுக்கு மாதக் கணக்கில்.

முதல் வேலை 'மாட்டாஸ்பத்திரி'. ஆமாம், நாய்க்கும் அங்கேதான். காதில் சீழ், சொத்தைப் பல், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல்... வலியோடு இருக்கிற நாயைத் தொட்டால் கடிக்கும். அமைதியாக இருந்த நாய் சில நாள்களில் சிடுசிடுப்பாக மாறியிருந்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் முடியாத பரிசோதனைகளுக்குக் குரும்பாபேட்டில் இருக்கிற ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

இரண்டாவது, சங்கிலி. ஒரேயடியாகக் கழற்றி விடச் சொல்லவில்லை, சுற்றுச்சுவர் இல்லாத வீட்டில் அது ஊருக்கு ஆபத்து. காலை, மாலை அரை மணி நேரம் நீளமான கயிற்றோடு நடத்திக்கொண்டு போங்கள். வேகமாக இழுத்துக்கொண்டு ஓடுவது நடை ஆகாது. மோந்து பார்க்க விட வேண்டும். ஒவ்வொரு கரண்ட் கம்பமும் அதற்கு ஒரு தினசரிப் பேப்பர். நடை முடிந்து வந்த நாய் பாதி நேரம் தூங்கும். கட்டும் இடத்தைக் கேட்டுப் பக்கத்திலிருந்து தெரு தெரியாத நிழலுக்கு மாற்றினாலே குரைப்பு பெருமளவு குறையும்.

மூன்றாவதுதான் பயிற்சி. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கண்டது பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் ஒரு சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு வாயில் எச்சில் ஊறியது. அதைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். உங்கள் நாய்க்கு வெளியாள் என்றால் ஆகாது என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, நாய் பார்க்கிற, ஆனால் குரைக்காத தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். முப்பதடியோ அறுபதடியோ, அது நாயைப் பொறுத்தது. ஆள் கண்ணில் பட்டதும் உப்பு, காரம் போடாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று, நகத்தளவு. நிற்கும் வரை கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆள் மறைந்ததும் கோழியும் நின்றுவிட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். மறுநாள் மறுபடி. ஆளைப் பார்த்ததும் நாய் குரைக்காமல் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கும் நாள் வரும். அப்போது இரண்டடி கிட்டே. குரைத்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம், பழைய தூரத்துக்குப் போக வேண்டும். வெளியாள் கையாலேயே கொடுக்க வைக்காதீர்கள். தீனி ஆசையில் கிட்டே போய்விட்டு, தின்றதும் பயந்து கடிக்கிற நாய்கள் உண்டு.

இதைச் செய்யும் நாள்களில் ஒருவர் கோழி கொடுத்து, இன்னொருவர் கம்பு எடுத்தால் பலன் இல்லை. மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் என்று வீடு இரண்டாக நிற்கக் கூடாது!

இதையெல்லாம் உயர்ஜாதி நாய்தான் கற்றுக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கொல்கத்தாவில் உள்ள ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு நம் ஊர்த் தெரு நாய்களை ஆண்டுக்கணக்காக ஆராய்கிறது. எந்தப் பயிற்சியும் இல்லாத தெரு நாய்கள்கூட, மனிதர் கைநீட்டிக் காட்டும் கிண்ணம் எது என்று புரிந்துகொண்டு போகின்றன. முன்பின் தெரியாத மனிதரிடம் அவை நம்பிக்கை வைப்பது சாப்பாட்டைவிடத் தடவிக்கொடுப்பதால்தான் என்பதும் அவர்கள் கண்டது.

இன்னொரு பக்கம், 'எந்த நாயும் ஆபத்தில்லை' என்று சொல்வதும் பொய். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ராட்வீலர் உட்பட 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. அந்த உத்தரவை டெல்லி, கர்நாடக உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தன. என்னைக் கேட்டால், தடையைவிட முக்கியம் வாங்குகிறவரின் யோசனை. காவலுக்காக உருவாக்கிய பெரிய நாயை, நடத்திக்கொண்டு போகக்கூட நேரமில்லாத வீட்டில் கட்டிப்போடுவது வினையை விலைக்கு வாங்குவது. நாட்டு நாயின் கடி தையலோடு போகலாம், இதன் கடி அப்படிப் போகாது.

திருத்தக் கூடாத ஒரு மாற்றம்

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். சாதுவான நாயோ பூனையோ திடீரென்று காரணமில்லாமல் கண்டதையும் கடித்தாலும், குரல் மாறினாலும், வாயில் எச்சில் வடிந்தாலும், தண்ணீர் விழுங்க முடியாமல் தவித்தாலும், இருட்டில் போய் ஒடுங்கினாலும் அது வெறிநோயாக இருக்கலாம். 'தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல' என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். தள்ளி நின்று, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எந்த நாய், பூனை கடித்தாலும், கீறினாலும், அது நம் வீட்டுச் செல்லமாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. தோலில் போடும் ஊசி என்றால் கடித்த நாள், பிறகு 3, 7, 28-ம் நாள்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டியிருக்கும். நோய் முற்றி அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். நாய்க்கு மூன்றாவது மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும்.

வெடிச் சத்தம்

தீபாவளி மட்டுமா? நம்ம பக்கம் வீராம்பட்டினம் ஆடித் தேர், கட்சி ஊர்வலம், சாவு ஊர்வலம் என்று வருடம் முழுக்க வெடிதான். நமக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். வெளியே கட்டி வைத்தால் சங்கிலியிலேயே கழுத்தை இறுக்கிக்கொள்ளும். உள் அறையில், ஜன்னலை மூடி, ஃபேனையும் டி.வி-யையும் ஓடவிட்டு, கட்டிலுக்கடியில் ஒரு மூலை கொடுங்கள். 'பயப்படும்போது தடவினால் பயம் அதிகமாகும்' என்பது தவறு, தாராளமாகத் தடவலாம். ரொம்ப நடுங்குகிற நாய்க்கு முன்கூட்டியே தரும் மாத்திரை கால்நடை மருத்துவரிடம் உண்டு. நமக்கு எழுதித் தந்த மாத்திரையை உடைத்துப் போட வேண்டாம். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். வெடிக்குப் பயந்து ஓடுகிற நாய் திசை தெரியாமல் வெகுதூரம் போய்விடும்.

பூனையின் நியாயம்

மெத்தையில் போன பூனையின் மூக்கை அதில் தேய்ப்பார்கள். பூனைக்கு அதில் எந்தப் பாடமும் இல்லை. இனி உங்களுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துப் போகும், அவ்வளவுதான்.

எப்படிப் போனது என்று பாருங்கள். நின்றபடி, வாலைத் தூக்கி நடுக்கி, சுவரிலோ பீரோவிலோ பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. புதுப் பூனை தெருவுக்கு வந்திருக்கலாம், ஜோடி தேடும் காலமாக இருக்கலாம். கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்களிடம் இது குறைந்துவிடும். குந்தி உட்கார்ந்து மெத்தையில், துணிக்குவியலில் போனால், ஒன்று உடம்பு சரியில்லை, அல்லது மண் பெட்டி பிடிக்கவில்லை.

கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் மூத்திரம் வராமல் கத்தினால் அது அவசரம். மூத்திரக் குழாய் அடைத்திருக்கும். ஓரிரு நாளில் உயிர் போகும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மண் பெட்டிக்கு ஒரு கணக்கு உண்டு. பூனை எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதல். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், வாஷிங் மெஷின் அதிர்கிற இடத்திலும் வேண்டாம். தினமும் அள்ள வேண்டும். அசிங்கமான டாய்லெட்டுக்குப் போக நாமே தயங்குவோம் அல்லவா? இன்னொன்று, பூனை இருக்கும் வீட்டில் ஃபினாயில் ஊற்றித் துடைக்காதீர்கள். அது காலில் பட்டு, பூனை நக்கி, விஷமாகும். வாசனையும் முழுதாகப் போகாது. துணிக்கறைக்கு விற்கும் என்சைம் சோப்பு நீரால் கழுவி வெயிலில் போட்டால் போதும். பாராசிட்டமால் மாத்திரையும் பூனையின் உயிரை எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். காய்ச்சல் என்று கால் மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

சோபா கீறுவது குறும்பு இல்லை. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், முதுகை நீட்டி முறிக்கவும், தன் வாசனையைப் பதிக்கவும் அது கீறியே ஆக வேண்டும். நமக்குத் தேங்காய் நார்க் கயிறுக்கா பஞ்சம்? ஒரு கட்டையில் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, பூனை பின்னங்காலில் எழுந்து நின்றால் எட்டும் உயரத்தைவிட அதிகமாக, ஆடாமல் நிறுத்துங்கள். எந்த சோபாவைக் கீறியதோ அதை ஒட்டியே வைக்க வேண்டும். கொல்லையில் வைத்தால் சீண்டாது.

விடியற்காலைக் கத்தலுக்கு மருந்து ராத்திரியில் இருக்கிறது. படுக்கும் முன் கயிற்று நுனியில் துணி கட்டிப் பத்து நிமிடம் வேட்டை விளையாட்டு, அதன் பிறகு வயிறு நிறைய மீன் சோறு. வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்பது பூனையின் வரிசை. 4 மணிக்குக் கத்தினால் எழுந்து தட்டை நிரப்பாதீர்கள். ஒருநாள் நிரப்பினாலும், கத்தினால் கிடைக்கும் என்று ஆகிவிடும்.

கூச்சமுள்ள பூனையோடு பழக, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அதைப் பார்த்து மெல்லக் கண்ணை மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்தார்கள். அப்படிக் கண்சிமிட்டியவர்களுக்குப் பூனைகள் திரும்பக் கண்சிமிட்டின, அறிமுகமில்லாதவராக இருந்தாலும் கிட்டே வந்தன.

எல்லாம் செய்தும் சில வீடுகளுக்குச் சில பிராணிகள் ஒத்துவராது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கடிக்கிற நாயை வைத்துக்கொண்டு யாரும் தியாகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சாக்கு வேண்டாம். தோட்டமும் நேரமும் உள்ள பெரியவர்கள் யாராவது நாய் கேட்டுக்கொண்டிருப்பார்கள், விசாரியுங்கள். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையையும் கொடுங்கள். அது யாரைக் கடித்தது, எதற்குப் பயப்படும், எந்த இடத்தில் தொட்டால் உறுமும் என்பதை ஒன்று விடாமல் சொல்லிக் கொடுங்கள்.